ரோட்டா சொட்டு மருந்து போட்டும் வார்டில் பேதி வந்துவிட்டது, அப்படியென்றால் மருந்து வீணா?

கேள்வி, 3 டிசம்பர் 2025

பையனுக்கு ஒன்பது மாதம். நெஞ்சுச் சளி என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்குவது இரண்டு நாளில் அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பேதி பிடித்துக்கொண்டது. பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டது அட்டையில் இருக்கிறது. "வார்டில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும்" என்கிறார் டியூட்டி டாக்டர். அந்த மருந்துக்கு 56 சதவீதம்தான் பலன் என்று படித்தேன். பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆஸ்பத்திரித் தொற்றை இது குறைக்கிறது என்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

3 டிசம்பர், இரவு 11.20

தம்பி, சதவீதம் நாளைக்கு. இப்போது பையன் மூத்திரம் போகிறானா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, அதைப் பாருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஓஆர்எஸ்ஸை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. துவண்டு போய்க் கிடந்தால் நைட் டூட்டி சிஸ்டரை எழுப்பத் தயங்காதீர்கள். நாங்கள் திட்டுவோம், ஆனால் வருவோம்.

4 டிசம்பர், மாலை 6.05

இப்போது கணக்கு. 56 என்பது பூவா தலையா இல்லை. மருந்து போடாத ஒரு கூட்டத்தில் 100 குழந்தைகளுக்குக் கடுமையான ரோட்டா பேதி வருகிறது என்றால், அதே அளவு போட்ட கூட்டத்தில் 44 பேருக்கு வரும். அவ்வளவுதான் அதன் பொருள். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்துப் பார்த்த சோதனை அது, 2014இல் வெளிவந்தது. முதல் வயதில் 56, இரண்டாம் வயதில் 49. இதில் "கடுமையான" என்ற சொல் முக்கியம். லேசாக வயிற்றால் போவதைத் தடுக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைமையைத்தான் தடுக்கிறது.

அப்புறம், போன வருடம்கூட இல்லை, இந்த வருடமே ஒரு கணக்கு வந்திருக்கிறது. 9 மாநிலங்களில் 31 மருத்துவமனைகள். அரசுத் திட்டத்தில் போட்ட பிறகும் பலன் 54 சதவீதம். சோதனையில் கிடைத்தது ஊரிலும் கிடைத்திருக்கிறது. இது எவ்வளவு அரிதான விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

4 டிசம்பர், இரவு 10.50

மேலே எழுதியது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. நீங்கள் கேட்டது வார்டைப் பற்றி. ஒரு குழந்தைக்கு எத்தனை சதவீதம் என்பது வேறு, ஒரு வார்டுக்கு என்ன நடக்கிறது என்பது வேறு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், நாளைக்கு எனக்கு டூட்டி இல்லை.

நான் 1996இல் தென்மாவட்ட ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். குழந்தைகள் வார்டில் பதினெட்டுக் கட்டில். நெரிசல் நாளில் முப்பது குழந்தைகள், கட்டிலுக்கு இரண்டு, நடுவில் ஒரு தலையணை. எடை பார்க்கும் தட்டு ஒன்றே ஒன்று. பேதிக் குழந்தையும் அதில்தான், கை முறிந்த குழந்தையும் அதில்தான். நடுவில் ஒரு துணி விரிப்போம், அதுவும் மறந்துபோகும். ஒரு தெர்மாமீட்டர், ஒரு ஸ்பிரிட் பஞ்சு. கிலுகிலுப்பை ஒன்று இருந்தது, யார் விட்டுப்போனதோ, எல்லாக் குழந்தையும் அதைச் சப்பியிருக்கும்.

ரோட்டா வந்த குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் வைரஸ் துகள் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். இன்னொரு குழந்தைக்குத் தொற்ற நூறுகூட வேண்டாம். பேதி தொடங்குவதற்கு முன்பே வெளியேற ஆரம்பிக்கும், நின்ற பிறகும் சில நாள் போகும். கட்டில் கம்பியில் நாள்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போய் ஒன்று முதல் மூன்று நாளில் ஆரம்பம். இப்போது கூட்டிப் பாருங்கள்: திங்கட்கிழமை சேர்ந்தவனுக்கு ஏன் புதன், வியாழன் வருகிறது என்று.

எங்களுக்கு அதற்குப் பெயரே "மூணாம் நாள் பேதி". குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த பதினொரு மாதப் பெண் குழந்தை ஒன்று நினைவில் நிற்கிறது. மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டியது. ஒன்பது நாள் இருந்தது. அப்பா கூலி வேலை, ஒன்பது நாளும் படியில்தான் படுத்திருந்தார். "இங்கே வந்துதானே சிஸ்டர் இது வந்தது?" என்று கேட்டார். பல் முளைக்கிற பேதி என்று சொல்லிவிட்டார்கள். "சொல்லிவிட்டார்கள்" என்று எழுதிவிட்டேன் பாருங்கள். சொன்னது நான்.

5 டிசம்பர், காலை 9.30

இதைப் படித்த ஒருவர் "அப்போ கை கழுவியிருந்தா போதுமே, தடுப்பு மருந்து எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு கேடயமே கொடுத்தார்கள். அந்தக் கதை சாயங்காலம். சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

5 டிசம்பர், இரவு 8.15

2002இல் இங்கிலாந்துக்கு வந்தேன். வடமேற்கில் ஒரு பொது மருத்துவமனை, குழந்தைகள் வார்டு, நல்ல தண்ணீர், சோப்பு, தனி அறைகள் ஆறு. இங்கே மூணாம் நாள் பேதி இருக்காது என்று நினைத்து வந்தவள் நான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதே கதை. ஆறு தனி அறையும் பேதிக் குழந்தைகள். ஏழாவது குழந்தை வந்தால் பொது அறையில் திரை போட்டுப் படுக்க வைப்போம். திரைக்கு வைரஸ் பயப்படுமா? டான்சில் ஆபரேஷன்களை எல்லாம் தள்ளிப்போடுவார்கள். அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து வருடத்துக்கு 12,000க்கு மேற்பட்ட குழந்தைகள் ரோட்டாவால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இந்த வைரஸ் பார்ப்பதில்லை. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறை வந்துவிடும். வித்தியாசம் சாவில்தான். இங்கே வருடத்துக்கு மூன்று நான்கு. இந்தியாவில் மருந்து வருவதற்கு முன்னால் வருடத்துக்கு 78,000க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

கேடயத்துக்கு வருகிறேன். 2013 வசந்த காலத்தில் வார்டில் தொற்றைக் குறைக்க ஒரு குழு போட்டார்கள், நான் தலைமை. குழந்தைகள் உயரத்துக்குச் சோப்பு, யானை தும்பிக்கையால் கை கழுவும் படம், விளையாட்டு அறையில் பொம்மையை எடுத்தால் "அழுக்கு" வாளி, கழுவினால் "சுத்தம்" வாளி. பெற்றோர்களையும் விடவில்லை. என் பெயரைக் கேட்டாலே கையை நீட்டிக் காட்டுவார்கள்.

அடுத்த குளிர்காலம், 2013–14. ஜனவரி வந்தது, மூணாம் நாள் பேதி வரவில்லை. பிப்ரவரி. மார்ச். தனி அறையில் இரண்டு காலியாகவே கிடந்தன. ஏப்ரலில் கேக் வெட்டி எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். நான் பேசினேன் வேறு. "எளிய வழிகளே சிறந்த வழிகள்" என்ற பாணியில்.

2013 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து இந்த நாடு முழுக்க இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் ரோட்டா சொட்டு மருந்து போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒரு சீசனில் நாடு முழுக்க ஆய்வகத்தில் உறுதியான ரோட்டா மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. யானைப் படம் இல்லாத ஊரிலும்.

5 டிசம்பர், இரவு 8.40

ஒன்று விட்டுவிட்டேன், அதுதான் சுவாரசியம். அந்தக் குளிர்காலத்தில் மருந்து குடித்திருந்த குழந்தைகள் எல்லாம் ஒரு வயதுக்குக் கீழே. வார்டில் இரண்டு வயதுக்காரர்களுக்கு யாரும் போடவில்லை, அவர்களுக்கும் குறைந்தது. வைரஸை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போவது கைக்குழந்தைகள்தான். அவர்கள் சுமக்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு யார் கொண்டுவந்து கொடுப்பது? சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் பெரியவர்களின் மலப் பரிசோதனையில்கூட ரோட்டா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது, குழந்தைகளுக்கு மருந்து போட்ட பிறகு. அந்தப் பெரியவர்கள் யாரும் சொட்டு மருந்து குடிக்கவில்லை.

6 டிசம்பர், காலை 7.10

"ரோட்டா என்றால் என்ன அர்த்தம்?" லத்தீனில் சக்கரம். மைக்ரோஸ்கோப்பில் ஆரக்கால் வைத்த சக்கரம் போல இருக்கும். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் கூட இருந்தவர்களும் குழந்தைகளின் குடல் துணுக்கில் கண்டுபிடித்தார்கள். இங்கே எங்கள் டூட்டி அட்டவணைக்கும் ரோட்டா என்றுதான் பெயர். இரண்டும் ஜனவரியில் தூக்கத்தைக் கெடுக்கும். ஒன்றுக்குத்தான் மருந்து இருக்கிறது.

6 டிசம்பர், இரவு 11.00

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, கை கழுவியதால் இல்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? இரண்டும் ஒரே வருடம்தானே?" நல்ல கேள்வி. நான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் இது: கை கழுவியதுதான் காரணம் என்றால் நோரோவைரஸும் குறைந்திருக்க வேண்டும். அதுவும் மலம், வாந்தி, கை வழியாகத்தான் போகிறது. அது குறையவே இல்லை. அதே 2014 பிப்ரவரியில் நோரோ எங்கள் வார்டைப் பத்து நாள் மூட வைத்தது. அமெரிக்காவிலும் ரோட்டா இறங்கிய பிறகு குழந்தைகளின் பேதிக்கு முதல் காரணம் நோரோதான் என்று ஆகிவிட்டது.

7 டிசம்பர், காலை 6.30

அந்தத் தம்பி விடவில்லை. கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் ரோட்டாவை ஓரளவு நன்றாகக் கொல்லும், நோரோவை அவ்வளவாகக் கொல்லாது, அதனால் இரண்டையும் ஒப்பிட்டால் தராசு சாய்ந்துதான் இருக்கும் என்கிறார். சரிதான். என் வாதம் அங்கே ஓட்டை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. ஜெல் எங்கள் வார்டுக்கு 2013இல் வரவில்லை. நாடு தழுவிய கை கழுவும் பிரச்சாரம் 2004லேயே ஆரம்பித்து, ஒவ்வொரு கட்டில் காலிலும் ஜெல் தொங்கியது. அதற்குப் பிறகும் ஒன்பது குளிர்காலம் ரோட்டா வந்து போனது. மருந்து வந்த முதல் குளிர்காலத்தில் நின்றது. லிவர்பூலில் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் கணக்குப் பார்த்தபோதும் வெளியிலிருந்து நோயோடு வந்ததும், உள்ளே வந்து தொற்றியதும் இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. வாசலில் வருவது குறைந்தால் உள்ளே பரவுவது குறையும். எடைத் தட்டில் வைக்க பேதிக் குழந்தையே இல்லை என்றால், துணி விரிக்க மறந்தாலும் பாதகமில்லை.

கை கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேலை போய்விடும்.

7 டிசம்பர், இரவு 9.45

இந்தியாவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்: மருந்துக்கு முன்னால் பேதியென்று சேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேருக்கு ரோட்டா. மேலே சொன்ன 31 மருத்துவமனைக் கணக்கில் அது 20 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் மருந்து 2017இல் வந்தது. உங்கள் பையன் சேர்ந்த வார்டில் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ரோட்டா இருக்கும் வாய்ப்பு 1996இல் என் வார்டில் இருந்ததைவிட மிகக் குறைவு. இந்த லாபம் எந்தக் குழந்தையின் அட்டையிலும் எழுதப்படாது. குடலிறக்கத்துக்கு வந்து மூன்று நாளில் வீட்டுக்குப் போன குழந்தையின் அப்பாவுக்குத் தான் எதிலிருந்து தப்பினோம் என்றே தெரியாது.

எண்ணிக்கையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வந்தால்தான் ஆஸ்பத்திரித் தொற்று என்று எழுதுவோம். இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டில் போய் மூன்றாம் நாள் பேதி வந்தால்? யாருடைய கணக்கிலும் இல்லை. "வெளியில் என்னத்தையோ சாப்பிட்டிருக்கும்" என்று முடிந்துவிடும்.

8 டிசம்பர், இரவு 10.30

இன்று ஒருவர் "ஆஸ்பத்திரித் தொற்றினால் ஒரு நல்லதும் கிடையாது" என்று எழுதியிருந்தார். ஒன்று இருக்கிறது. நீங்கள் ரோட்டாவேக் என்று சொட்டுகிறீர்களே, அந்த மருந்தே ஓர் ஆஸ்பத்திரித் தொற்றிலிருந்து வந்ததுதான்.

1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளின் அறையில் ஒரு ரோட்டா சத்தமில்லாமல் பரவியது. குழந்தைகளுக்குப் பேதி இல்லை, வாந்தி இல்லை. குழந்தை மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளுக்குப் பிற்பாடு கடுமையான ரோட்டா பேதி குறைவாக வந்தது. அந்த வைரஸுக்கு 116ஈ என்று பெயர். முப்பது வருடம் கழித்து 2015இல் அது ஐந்து சொட்டு மருந்தாக வந்தது. மெல்போர்னிலும் இதே மாதிரி பிரசவ ஆஸ்பத்திரிக் குழந்தைகளிடம் எடுத்த வைரஸை வைத்து இன்னொரு மருந்து செய்து இந்தோனேசியாவில் சோதித்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லா நர்சரித் தொற்றும் வரம் இல்லை. வேலூரில் பிறந்த குழந்தைகளிடம் வேறொரு ரகம் சுற்றியது. அங்கே சில குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவும் வந்தது, பிறகு பாதுகாப்பும் கிடைக்கவில்லை. ஒரே பெயர், ஒரே சக்கரம், குணம் வேறு. எய்ம்ஸ் வைரஸ் அமைந்தது அதிர்ஷ்டம், அதைக் கவனித்தது கெட்டிக்காரத்தனம்.

9 டிசம்பர், மதியம் 1.15

"எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஐந்து சொட்டு இல்லை, சிரிஞ்சில் நிறையக் கொடுத்தார்கள், ஏமாற்றுகிறார்களா?" இல்லை. அது ரோட்டாசீல், இரண்டரை மில்லி. வேறு கம்பெனி, அதே வேலை.

9 டிசம்பர், இரவு 11.30

குறைமாதக் குழந்தையை வைத்திருக்கும் ஒரு தாய் தனியாகக் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். இது உயிருள்ள மருந்து. குடித்த குழந்தையின் மலத்தில் கொஞ்ச நாள் மருந்து வைரஸ் வெளியேறும். அப்படியென்றால் இன்குபேட்டர் அறையில் கொடுத்தால் பக்கத்துக் குழந்தைக்குப் போகாதா? அமெரிக்காவில் இந்தப் பயத்தில் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் கொடுக்கச் சொன்னார்கள். இங்கே பிரிட்டனில் வார்டிலேயே கொடுக்கச் சொல்கிறார்கள், வழக்கமான சுத்தம் போதும் என்று. நான் இரண்டாவது கட்சி. காரணம், முதல் தவணைக்கு இங்கே பதினைந்து வாரம்தான் கெடு. மூன்று மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தை வீடு போவதற்குள் கெடு தாண்டிவிடும். மருந்து வைரஸ் பக்கத்துக் குழந்தைக்குப் போகலாம் என்ற பயத்தில், நிஜ வைரஸுக்கு வாசலைத் திறந்து வைப்போம். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் முதல் தவணையை ஒரு வயது வரை போடலாம், அதனால் அங்கே இந்த நெருக்கடி இல்லை. உங்கள் குழந்தைக்கு டாக்டர் சொல்வதுதான் முடிவு.

10 டிசம்பர், இரவு 7.50

சொட்டு மருந்தால் குடலேற்றம் வருமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு வாந்தி வந்தால் குடலேற்றம் தட்டுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு, என் ஆச்சியே தட்டுவாள். அது வேறு. சொட்டு மருந்தோடு பேசப்படுவது குடல் செருகல்: குடலின் ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள் தொலைநோக்கி மாதிரி நுழைந்துகொள்வது. 1998இல் அமெரிக்காவில் வந்த ரோட்டாஷீல்டு என்ற முதல் மருந்தை இதற்காகவே அடுத்த வருடம் திரும்பப் பெற்றார்கள். பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் வந்தது. இப்போதிருக்கும் மருந்துகளை வருடக்கணக்கில் அதே கண்ணோடு பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள். குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் தட்டுகிற பாட்டியிடம் போகாதீர்கள். ஆச்சி மன்னிக்கட்டும்.

11 டிசம்பர், இரவு 10.10

கேள்வி கேட்ட தம்பி டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துச் சொல்லியிருக்கிறார். பையன் நன்றாக இருக்கிறான். மலப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. நெஞ்சுச் சளிக்கு முதல் நாளிலிருந்து ஆக்மென்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி, நான் எட்டு நாளாக இங்கே கச்சேரி வைத்துக்கொண்டிருந்தேன், முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த மருந்து குடிக்கிற குழந்தைகள் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாள் வயிற்றால் போகும். யாரும் தொற்ற வைக்க வேண்டாம், அந்த மருந்து பாட்டிலே போதும். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, ஐந்து நாளில் மருந்தை நிறுத்தியதும் நின்றுவிட்டது என்கிறீர்கள். ரோட்டா என்றால் பெரும்பாலும் வாந்தியில்தான் ஆரம்பிக்கும். பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் சொட்டு மருந்தின் மேல் பழி போட மாட்டேன், பக்கத்துக் கட்டில் மேலும் போட மாட்டேன்.

மூணாம் நாள் பேதி என்று கேட்டதும் எனக்கு அந்தப் பழைய வார்டுதான் கண் முன்னால் வந்தது. இன்னும் அங்கேயே நிற்கிறேன் போல.

12 டிசம்பர், காலை 8.00

திருத்தம். கேடயம் என்று எழுதியிருந்தேன். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். கேடயம் இல்லை, ஒரு சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டது நான்.